யார் அழைத்துப் போகலாம்

வெள்ளம் வடிந்த ஒன்பதாம் நாள்
டொங்காட் காப்பகத்தின் பதிவேடுகளை
ஊஞ்சல் கம்பியில் காயப்போட்டிருந்தார்கள்,
துணிக்கிளிப்பு மாட்டி.
தாளோடு தாள் ஒட்டி
ஒரு பிள்ளையின் தடுப்பூசித் தேதி
இன்னொரு பிள்ளையின் புகைப்பட நெற்றியில்
நீலமாய் இறங்கியிருந்தது.

இனி எல்லாம் கணினியில் என்று
நிர்வாகக் குழு முடிவெடுத்தது அப்படித்தான்.
ஃபீனிக்ஸில் ஐந்து, வெருலமில் மூன்று, இங்கே இரண்டு.
அறுநூற்றுச் சொச்சம் பிள்ளைகள். ஒரே மென்பொருள்.
திட்டம் போட என்னையும் தெஷேனையும் அனுப்பினார்கள்.
உட்காரக் கிடைத்தவை மூன்று வயதுக்கான நாற்காலிகள்.
முழங்கால் மோவாயை இடிக்க
பெட்டி பெட்டியாக வரைந்தோம்.

முதல் சிக்கல் படையாச்சி.
ஆங்கிலத்தில் ஐந்து விதமாக எழுதியிருந்தார்கள்.
கணினி ஐந்து குடும்பம் என்றது.
ஒரே வீட்டு அண்ணனும் தங்கையும்
அதன் கணக்கில் அந்நியர்.
நான் தமிழில் எழுதிக் காட்டினேன். ஒன்றுதான்.
"இதையே குறியீடாக வைத்துக்கொள்ளலாமே" என்றான்
தமிழில் ஓரெழுத்தும் அறியாத
தெஷேன் படையாச்சி.

ஒவ்வாமை எளிது.
கட்டணப் பாக்கி அதைவிட எளிது,
குழு அதற்குத்தான் ஏழு பத்தி கேட்டிருந்தது.

பிறகு அந்தப் புலம்:
அழைத்துச் செல்ல அனுமதி பெற்றவர்.
இரண்டு பெயர் போதும் என்றிருந்தோம்.
பொறுப்பாளர் யோகம்
லுவாண்ட்லேயின் பக்கத்தைக் கம்பியிலிருந்து கழற்றி வந்தார்.

அப்பா.
அப்பாமேல் ஒரு கோடு.
சித்தி. பக்கத்து வீட்டு சுமையா, வெள்ளி மட்டும்.
மறுபடி அப்பா, வேறு மையில்.
மறுபடி கோடு, இம்முறை தாள் கிழியும்படி.
டாக்சிக்காரர், பச்சை வண்டி, தங்கப் பல்.
ஓரத்தில் பென்சிலால்:
சிவப்புத் தொப்பிக்காரர் வந்தால்
நான் வரும்வரை பேச்சுக் கொடு.

"கடைசிப் பெயர் மட்டும் இருந்தால் போதாதா?"
யோகம் பதில் சொல்லாமல்
அந்தக் கிழிசலை விரலால் நீவினார்.
"இதை உங்கள் கணினி வைத்துக்கொள்ளுமா?"
வைத்துக்கொள்ளாது.
பழையதன்மேல் புதியதை எழுதும்.
அடித்ததும் தெரியாது,
அடித்த கையின் அழுத்தமும் தெரியாது.

நாலரைக்கு மின்வெட்டு.
எங்கோ கரும்புக்காட்டுக்குத் தீ வைத்திருந்தார்கள்.
கரித்துகள் மிதந்து வந்து
வெள்ளைப் பலகையின் பெட்டிகளுக்குள் உட்கார்ந்தது.
வாசலில் மணி.
ஸிபோங்கிலே ஒரு சிறுமியை இடுப்பில் ஏற்றிக்கொண்டு போனார்.
கம்பிக்கு அப்பால் ஒருவர், கையில் சிப்ஸ் பொட்டலம்.
பெயர் சொன்னார்.
பெயர் பட்டியலில் இருந்தது. நானே பார்த்தேன்.
ஸிபோங்கிலே பட்டியலைப் பார்க்கவில்லை.
சிறுமியின் கையைப் பார்த்தார்.
அது அவர் மேலங்கியை
ஒரு முறுக்கு முறுக்கிப் பிடித்திருந்தது.
"படிவத்தில் ஒரு கையெழுத்து குறைகிறது" என்றார் சிரித்தபடி,
"அம்மாவுக்குப் போன் போடுகிறேன், இருங்கள்."
அவர் இருக்கவில்லை.
சிப்ஸ் பொட்டலம் கம்பியில் தொங்கியது.

ஆறேகாலுக்கு அம்மா வந்தாள்.
வலதுகால் ஷூவை இடதில் மாட்டிக்கொண்டு
ஓடினாள் சிறுமி.
அதற்குப் பிறகுதான் நாங்களும் கிளம்பினோம்.

தேவைகள் ஆவணம், பக்கம் பதினேழு.
அடித்த பெயர்கள் அடித்தபடியே இருக்க வேண்டும்:
மூன்று நாள் வேலை கூடும் என்று குறித்தோம்.
அடுத்த வரிக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை.
வகை: எண் இல்லை, தேதி இல்லை.
நிரப்புபவர்: பிள்ளை.
கட்டாயமா, விருப்பமா என்று கேட்டான் தெஷேன்.
பக்கத்தில்
சின்னதாய் ஒரு சிவப்பு நட்சத்திரம் போட்டேன்.