டம்ளர் மட்டம்

பழைய ஆம்புலன்ஸை ஏலத்தில் எடுத்தபோது
ஞானதுரைக்கு ஐம்பத்தெட்டு முடிந்திருந்தது.
ஸ்ட்ரெச்சர் கிடந்த இடத்தில் பலகைக் கட்டில்,
ஆக்சிஜன் உருளையைப் பிடித்த வளையத்தில்
இப்போது குடிதண்ணீர் கேன்.
புது பெயின்ட்டுக்கு அடியிலிருந்து
வலமிடமாக எழுதிய சிவப்பு எழுத்துகள்
வெயில் நேரத்தில் இன்னும் தெரிகின்றன.
சிக்னலில் ஆட்டோக்கள் ஒதுங்கி வழிவிட்டால்
கூச்சத்தோடு ஒரு கும்பிடு போடுவார்.

வண்டி அமைந்துவிட்டது.
நிறுத்தத்தான் இடமில்லை.

என் பொறுப்பு டம்ளர்.
போய் நின்றதும் விளிம்பு வரை தண்ணீர் ஊற்றி
வண்டித் தரையில் வைப்பேன்.
ஒரு பக்கம் வழிந்தால்
விடிய விடிய அவர் என்மேல் உருளுவார் என்று அர்த்தம்.
பிறகு நோட்டு.
நிழல், குழாய், கரண்ட், கழிப்பறை, நாய், வாடகை.
கடைசிக் கட்டம்: மறுபடி வருவோமா.

கோவளத்தில் கூடாரம் போட்டவர்கள்
இரண்டு மணிக்கும் ஸ்பீக்கரை அணைக்கவில்லை.
பழவேற்காட்டில் கொசு எங்களை
முகவரியோடு தெரிந்து வைத்திருந்தது.
நெம்மேலிச் சவுக்குத் தோப்புக்காரர்
முன்பணத்தை எண்ணி மடியில் வைத்துக்கொண்டு
"பத்து மணிக்கு மேல போலீஸ் வந்தா
நீங்க யாருன்னே எனக்குத் தெரியாதுங்க" என்றார்.
செம்பரம்பாக்கம் கரையில் பொதுப்பணித்துறைப் பலகை.
வாசிக்கும்போதே விசில்.

நன்றாகத் தூங்கியது
ஸ்ரீபெரும்புதூர் லாரி நிறுத்தத்தில்தான்.
ஐம்பது ரூபாய், சுடுதண்ணீர் தனி.
நாமக்கல் டிரைவர் ஒருவர்
டயருக்குப் பக்கத்தில் ரசம் தாளித்துக்கொண்டே
எங்கே லோடு என்று கேட்டார்.
இவருக்குப் பதில் வரவில்லை.
நான் சொன்னேன்: நாங்கதான்.

ஆனாலும் அவர் பத்து மாதமாகக் கேட்டது
ஏரியைப் பார்த்த மாதிரி ஓர் இடம்.

கார்த்திகையில் அந்த மூன்றாவது நாள்
அடுக்ககக் குழுவில் ஒரே வரி வந்தது:
காரை எடுத்துக்கொண்டு பாலத்துக்குப் போங்கள்.
வேளச்சேரி மேம்பாலத்தில்
விளக்குக் கம்பத்துக்கு ஒன்றாக, பிறகு இரண்டாக,
மூக்கும் வாலும் ஒட்டி வண்டிகள்.
எல்லோரும் சாவியைப் பையில் போட்டு
முழங்கால் தண்ணீரில் வீட்டுக்குத் திரும்பினார்கள்.
எங்களுக்குத் திரும்ப வேண்டியிருக்கவில்லை.
கட்டிலை இறக்கினோம்.

டம்ளர் வைத்தேன்.
விஜயநகர் பக்கம் வழிந்தது.
அவர் எழுந்து போய் நடைபாதையில் கிடந்த
உடைந்த கல் இரண்டைப் பின்சக்கரத்துக்குக் கீழே தள்ளினார்.

எட்டரைக்குக் கரண்ட் போனதும்
கீழ்த்தளத்து பத்ருன்னிசா ஏறி வந்தாள்,
இரண்டு பிள்ளைகள், ஒரு பிரிண்டர்.
பிரிண்டர் எதற்கு என்று யாரும் கேட்கவில்லை.
சிவப்பு ஸ்விஃப்ட்டுக்காரர்
காலில் கண்ணாடி கிழித்து வந்து கதவைத் தட்டினார்:
"டாக்டர் இருக்காரா?"
டீ இருக்கு என்றேன்.
ஆம்புலன்ஸ் காலத்துப் பஞ்சு ஒரு பொட்டலமும் இருந்தது.
இவர் கட்டுப் போட்டார், கொஞ்சம் இறுக்கமாக.

நடு ராத்திரி மழை விட்டது.
கைப்பிடிச் சுவருக்கு வெளியே பார்த்தோம்.
நூறடிச் சாலை இல்லை.
ஒரு பெயர்ப்பலகையின் மேல்பாதி,
அசையாத கறுப்புத் தண்ணீர்,
அதில் எங்கிருந்தோ ஒற்றை டார்ச் வெளிச்சம்.
ஏரி, என்றார்.
சிரிக்கவில்லை.

காலையில் நோட்டைத் திறந்தேன்.
குழாய்: தேவைப்படவில்லை.
நாய்: மூன்று, எங்களைப் போலவே வந்தவை.
வாடகை: இல்லை, அபராதம் வரலாம்.
கழிப்பறையைக் காலியாக விட்டேன்.
மறுபடி வருவோமா என்ற கட்டத்தில்
வரவே கூடாது என்று எழுதி
பத்ருன்னிசாவின் சின்னவன்
எங்கள் கட்டிலில் கால் பரப்பித் தூங்குவதைப் பார்த்து
"வரவே"யை மட்டும் அடித்தேன்.
அது சரியான வாக்கியமாக இல்லை.
அப்படியே இருக்கிறது.