பெற்றோர் உதவியுடன்

பழுப்பு அட்டையை உயர்த்திக் காட்டுகிறேன்.
"டான்" என்கிறாள் எப்சிபா.
நிறத்தின் பெயர் சொல்லம்மா.
"அதான் டீச்சர், டான்.
வெயில்ல காஞ்சுபோன டான்."

கைபேசித் திரையில் இரண்டு வட்டம்:
சரி. தவறு.
வெயிலில் காய்ந்ததற்கு வட்டம் இல்லை.

ஒன்றிலிருந்து எண்ணச் சொன்னால்
முப்பத்தாறில் தொடங்குகிறாள்.
முப்பத்தேழு, முப்பத்தெட்டு,
தடுக்காமல் போய்
நாற்பத்திரண்டில் நின்றுவிடுகிறாள்.
அப்புறம்?
"அதுக்கு மேல லேடீஸ் கால் கெடையாது டீச்சர்."

ஆம்பூர் கம்பெனியில் ஒரு ஷிப்ட் தைத்துவிட்டு
ஒரு மூட்டை வீட்டுக்கும் கொண்டுவருகிறாள் மேகலா.
ஜோடிக்கு இத்தனை என்று கூலி.
தைத்து முடித்த மேல்தோல்களை
ஜோடி சேர்ப்பது மகளின் வேலை.
இடது எது, வலது எது என்று
இந்த வகுப்பில் யோசிக்காமல் சொல்லக்கூடியவள்
இவள் ஒருத்திதான்.
வினாத்தாளில் அது இல்லை.

காலை ஆறு பத்துக்கு
மின்னூர் நெடுஞ்சாலை ஓரம் கம்பெனி பஸ் வரும்.
ஏழு மணிக்கே பள்ளி கேட்டில் சாய்ந்து நிற்பாள்,
தலை வாராமல்.
எட்டே முக்காலுக்கு வேலூர் பஸ்ஸிலிருந்து இறங்கும் நான்
கைப்பையில் ஒரு சீப்பு வைத்திருக்கிறேன்.
நல்லவள் என்று சொல்லிக்கொள்ள அல்ல.
ஆய்வுக்கு வருகிறவர்கள்
தலையைத்தான் முதலில் பார்ப்பார்கள்.

பெற்றோர் கூட்டம் செவ்வாய்க்கிழமை மூன்று மணி.
மேகலா ஒருமுறையும் வந்ததில்லை.
வந்தால் அரைநாள் சம்பளம் போகும்.
'கல்வியில் ஆர்வமில்லை' என்று
போன வருடத்து ஆசிரியர் எழுதிவைத்திருந்தார்.
அதற்குக் கீழே நான் 'மேற்படி' என்று போட்டேன்.

குழுக்களுக்கு அரும்பு, மொட்டு, மலர் என்று பெயர்.
யார் யோசித்தார்களோ,
வலிக்காமல்தான் வைத்திருக்கிறார்கள்.
"அரும்புன்னா மக்குதானே டீச்சர்?"
போன வாரம் கேட்டான் லோகேஷ், மொட்டிலிருந்து.

மலரில் ஐந்து பேர்.
மளிகைக்கடை வீட்டுப் பிள்ளை,
சத்துணவு அமைப்பாளர் மகள்,
இன்னும் மூன்று பேர்.
ஐந்து வீட்டிலும் விளக்கு போடும் நேரத்தில்
நோட்டைத் திறந்து பார்க்க ஓர் ஆள் உண்டு.
படிவத்தில் தந்தை தொழில் கேட்கிறார்கள்.
சாதி கேட்கிறார்கள்.
சாயங்காலம் கேட்பதில்லை.

பயிற்சி நூல், பக்கம் பதினேழு:
பெற்றோர் உதவியுடன் ஐந்து இலைகள் ஒட்டி வருக.
எப்சிபா ஒட்டி வந்தது ஐந்து தோல் துண்டுகள்.
வேம்பு, புங்கை, மா, ஏதோ ஒன்று,
அப்புறம் அரசு,
அதன் வால்நுனிகூடப் பிசகாமல் வெட்டியிருந்தது.
வகுப்பெல்லாம் சொல்யூஷன் வாடை.
"அம்மா வர்றப்ப இருட்டிப்போச்சி டீச்சர்.
மரத்துல இலை தெரில."

அதே ஐந்து இலைகள்
சத்துவாச்சாரியில் என் மகன் ரிஷ்வந்துக்கும் வந்தன.
(நான் பாடம் நடத்தும் பள்ளியில்
அவனைச் சேர்க்கவில்லை.
காரணம் கேட்டால் ஏழெட்டு சொல்வேன்.)
இரவு பத்து மணி. அவன் தூங்கிவிட்டான்.
இலைகளை இஸ்திரி போட்டு ஒட்டி
தாவரப் பெயரும் எழுதினேன், இடதுகையால்,
குழந்தை எழுதியது போலிருக்க.
தங்க நட்சத்திரம் கொடுத்தார்கள்.
நெஞ்சில் ஒட்டிக்கொண்டு வேனிலிருந்து ஓடிவந்தான்.
இரண்டு நாள் அந்தச் சட்டையைத் துவைக்க விடவில்லை.

இன்று காலையும்
இடதுகாலில் வலது ஷூவை மாட்டிக்கொண்டு நின்றான்.
குனிந்து மாற்றிவிட்டேன்.

பழுப்பு அட்டை இன்னும் என் கையில்.
காலியாக விட்டால் அடுத்த பக்கம் திறக்காது.
எப்சிபா என் செருப்பையே பார்க்கிறாள்.
"முப்பத்தெட்டு" என்கிறாள்.
சரிதான்.

தவறைத் தொட்டேன்.
அடுத்து யாரு, வசீமா?
வா.