நாற்பத்தொன்றாம் அறை

வால்திவியாவில் மழைக்கு விடுமுறை கிடையாது.
ஆற்றோர மீன்சந்தையில் கடற்சிங்கங்கள்
ஆளுக்கொரு குரலில் முறையிடுகின்றன.
என் அஞ்சல் பெட்டியிலும் அதே கூச்சல்:
நானூற்றுப் பன்னிரண்டு கடிதங்கள்,
பாதிக்கு மேல் ஒரே அறையைப் பற்றி.

மூன்று மதகு, ஒரு விளக்கு, நகரும் கல் ஐந்து.
தண்ணீரை மேல்தளத்துக்கு ஏற்றினால்
கதவு திறக்கும்.
அவ்வளவுதான்
என்று விளையாட்டின் உறையில் எழுதியது
நான்தான்.

இரவுப்பணி செவிலி ஒர்த்தென்சியா:
"நான் முட்டாள் என்று தெரிந்துகொள்ள
எட்டாயிரம் பெசோ கொடுத்திருக்கிறேன்.
எங்கள் மருத்துவமனையில்
இதை இலவசமாகவே சொல்வார்கள்."

ஒசோர்னோ பக்கம் பால்லாரி ஓட்டும் எலேயுத்தேரியோ:
"அதில் கை வைத்துவிடாதீர்கள்.
பதினொரு நாள் அதற்குள்ளேயே குடியிருந்தேன்.
பன்னிரண்டாம் நாள் சுங்கச்சாவடி தாண்டும்போது
பின்னால் தடுப்புக்கட்டை விழுந்த சத்தம்.
விடை வந்துவிட்டது.
மீதிச் சில்லறையை வாங்கவே இல்லை."

பெயர் போடாத ஒரு பையன்,
அக்காவிடம் விடை கேட்டானாம், சொல்லிவிட்டாளாம்.
மூன்று வாரமாகப் பேச்சில்லை.
"கேட்டால் உடனே சொல்லிவிடுவதா?"

புந்தா அரேனாஸ் கணக்கு வாத்தியார் ஒருவர்:
"நான்கு நிமிடம். அடுத்த முறையாவது
கொஞ்சம் யோசிக்க வையுங்கள்."
(இவரை யாருக்குத்தான் பிடிக்கும்.)

இன்னொன்று அதிகாலை மூன்றே முக்காலுக்கு வந்தது.
ஒரே சொல்:
ஏன்.

நவெல் சொன்னான்,
"குறிப்புக்கு ஒரு பொத்தான் வைப்போம்.
வேண்டாதவர் தொடவேண்டாம்."
பல்வலிக்காரன் முன்னால் மிட்டாய் டப்பாவைத் திறந்து வைத்து
வேண்டாமென்றால் எடுக்காதே என்பது போல, என்றேன்.
"பசித்தவன் முன்னால் பூட்டி வைப்பது மட்டும்
தர்மமா?" என்றான்.
மாத்தே ஆறிப்போனது. கெண்டியை மறுபடி ஏற்றினோம்.
அதுவும் ஆறிப்போனது.

சரி, தீர்ப்பு சொல்லுமுன்
நானே ஒருமுறை போய்ப் பார்க்கலாமென்று
ஒன்றரை வருஷத்துக்குப் பிறகு
அந்த அறைக்குள் இறங்கினேன்.
இரண்டாம் கல்லை இடப்பக்கம், விளக்கை அணை,
நடு மதகைத் திற.
தண்ணீர் முழங்கால் வரை வந்து
நின்றுவிட்டது.
மறுபடி. மறுபடி.
ஒன்பதாவது தடவை விசைப்பலகையை அறைந்தேன்,
அடுத்த வீட்டு நாய் குரைத்தது.

பழைய நோட்டைத் தேடி எடுத்தேன்.
காகிதத்தில் அந்தக் கல் நான்காம் கட்டத்தில்.
திரையில் ஐந்தாம் கட்டத்தில்.
விரல் பிசகு. ஒரே ஒரு எண்.
நான் போட்டுவைத்த வழி
ஒருநாளும் இருந்ததில்லை.

ஆனால் ஆயிரத்து முந்நூற்றாறு பேர்
அந்தக் கதவைத் திறந்து போயிருக்கிறார்கள்.

"பதிவுகள் இருக்கின்றன, எப்படித் திறந்தார்களென்று
போட்டுக் காட்டட்டுமா?" நவெல்.
வாயை மூடு என்றேன்.
அந்தப் பையனின் கோபம்
அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

ஒர்த்தென்சியாவுக்கு எழுதினேன்:
அம்மணி, தவறு உங்களுடையதல்ல.
அறையைக் கட்டியவளாலேயே அதைத் திறக்க முடியவில்லை.
கல்லை ஒரு கட்டம் நகர்த்தினால் போதும்.
நகர்த்தட்டுமா?

பணி முடிந்து பேருந்திலிருந்து பதில் போட்டிருந்தார்,
எழுத்துப் பிழைகளோடு:
"நேற்றே சொல்லியிருந்தால் சரி என்றிருப்பேன்.
இப்போது வேண்டாம்.
நீங்கள் எதுவரை போயிருக்கிறீர்கள்?"

முழங்கால் வரை, என்றேன்.
"நான் இடுப்பு வரை" என்றார்.
அதில் கொஞ்சம் பெருமை இருந்தது.

மழை விடவில்லை. நவெல் தூங்கப் போய்விட்டான்.
பால்லாரிக்காரரின் கடிதத்தை
நாலாவது தடவையாக எடுத்துப் படிக்கிறேன்.
தடுப்புக்கட்டை.
பின்னால்.

பின்னால் என்ன இருக்கிறது,
நான் உள்ளே வந்த வழியைத் தவிர?