மீள்தொடக்க எண்ணிக்கை: 03

காலை ஏழரைக்குக் கிண்ணியாவிலிருந்து அழைப்பு.
பழுது ஒன்றும் இல்லையாம்.
"ஐஸ் பெக்டரிய உடைக்கப் போறம் மிஸ்.
உங்கட பெட்டி இன்னும் ஓடிட்டுத்தான் இரிக்கி.
நிப்பாட்ட எங்களுக்குத் தெரியல்ல."

இருபத்தைந்து வருடத்தில்
இந்தத் தொழில் எனக்குத் தந்த
மிக நல்ல வசனம் அதுவென்று
தேத்தண்ணி ஆறுமட்டும் இருந்துவிட்டேன்.

உவர்மலையால் இறங்க,
பஸ் நிலையத்தடியில் மான்கள்
வாழைப்பழத் தோலுக்குக் காத்து நின்றன.
ஸ்கூட்டரை ஓரம் கட்டினேன்.
குறுக்கீடு வந்தால்
கையிலிருப்பதை அப்படியே வைத்துவிட்டு
அதைக் கவனி, பிறகு விட்ட இடத்துக்குத் திரும்பு:
சில்லுகளுக்கு நான் எழுதும் விதி.
எனக்குத்தான்
விட்ட இடம் மறந்துபோகிறது.

தொண்ணூற்றொன்பதில் பாலம் இல்லை.
பாதையில் ஏறித்தான் அக்கரை.
மடியில் பிஸ்கட் ரின்; அதற்குள்
ஒரு சில்லு, நான்கு ரிலே, ஒரு பற்றரி,
சிவப்பு வயர், கறுப்பு வயர்.
சென்ரியில் நின்றவன் மூடியைத் திறந்தான்.
வயரைப் பார்த்தான். என்னைப் பார்த்தான்.
அவனுக்கும் எனக்கும் பொதுவாக இருந்த ஒரே சொல்லை
"ஐஸ்" என்று சொன்னேன்.
திரும்பவும் சொன்னேன்.
மூன்று மணித்தியாலம் வெயிலில் நின்று
ஐஸ் ஐஸ் என்றவளை நம்பினானோ,
அவனுடைய டியூட்டி முடிந்ததோ,
போ என்றான்.

அந்தச் சில்லில்
ஆயிரத்து இருபத்துநான்கு சொல்லுக்குத்தான் இடம்.
ஒரு சொல் மிச்சம்பிடிக்க ஒரு இரவு போகும்.
"இதில என்ன எதிர்காலம் இருக்கு, யோகவதனி?"
ரொறன்ரோ போகுமுன் வசீகரன் கேட்டான்.
பதிலுக்கு என்னிடம் இடம் காணாது.

நாற்பத்தொன்பதாம் நாள் எல்லாம் நின்றது.
மில்லிசெக்கன்களை எண்ணிய எண்
நிரம்பிப் பூச்சியத்துக்கு வந்துவிட,
வராத ஒரு நேரத்துக்காகக்
கொம்பிரசர் காத்துக்கொண்டே இருந்தது.
இரண்டு செக்கனுக்கு ஒருமுறை தடவாவிட்டால்
குரைத்து எழுப்பவென்று உள்ளே ஒரு காவல்நாய்.
நானோ காத்திருக்கும்போதும் தடவச் சொல்லி
எழுதியிருந்தேன்.
நாய் சுகமாகப் படுத்திருந்தது.
அறை நிறையப் பாரை மீன் நாறியது.
ஹாஜியார் ஒன்றும் பேசவில்லை.
அது இன்னும் கேட்கிறது.

ஒப்பிட்ட இடத்தில் கழித்தேன்.
தடவலை வெளியே எடுத்தேன்.
இரண்டு வரி.
சிங்கப்பூரில் நான்கு வருடம் லிஃப்ட் கதவுகள்,
இப்போது ஜேர்மன்காரருக்கு மருந்துப் பம்பு,
வீட்டுக் கடன், தம்பியின் சத்திரசிகிச்சை,
எல்லாம் அந்த இரண்டு வரிக்குப் பிறகு.

இன்றைக்குப் பெட்டியைத் திறந்தேன்.
இரண்டு பல்லி முட்டை.
முனைகளில் உப்பின் பச்சை.
நான் பூசிய வார்னிஷ் இன்னும் விடவில்லை.
செக்கனுக்கு ஒருதரம் சிவப்பு விளக்கு.

கேபிளைச் செருகி வாசித்தேன்.
நாய் குரைத்தது மூன்று முறை.

ஒன்று, குரைக்குமோ என்று பார்க்க
முதல் நாள் நானே அதைச் சிக்கவைத்தது.
இரண்டு, மார்கழி இருபத்தாறு.
கடல் இந்தக் கதவுவரை வந்தது.
அந்தக் கிழமை அடித்த ஐஸ்
மீனுக்குப் போகவில்லை.

மூன்றாவது எனக்குத் தெரியாது.
இருபது வருடத்தில் ஏதோ ஒரு நாள்,
நான் எங்கோ தூங்கிக்கொண்டோ
வரிசையில் நின்றுகொண்டோ இருந்தபோது
இரண்டு செக்கன் தன்னைத் தொலைத்து
எழும்பியிருக்கிறது.
ஒரு கட்டி ஐஸும் உருகவில்லை.
ஒருவரும் என்னை அழைக்கவில்லை.

நிறுத்த ஒரு சுவிச் நான் வைக்கவேயில்லை.
பற்றரி வயரைக் கழற்றினேன்.
கெப்பாசிற்றரில் கிடந்த மிச்சத்தில்
இன்னும் இரண்டு தரம் கண் சிமிட்டியது.

"எவ்வளவு மிஸ் தரோணும்?" என்றான்
ஹாஜியாரின் மகன் ரிஸ்மியாஸ்.
பெட்டியைக் கேட்டேன்.
ஸ்கூட்டரின் முன்கூடையில்,
முட்டை உடையாமல், மெதுவாகப் பாலத்தில்.

பின்னேரம் மூன்றுக்குக் கூட்டம்:
பம்பின் நாய்
எப்போது குரைக்கவேண்டும் என்று.