ஆட்காட்டி

காலை ஏழு நாற்பத்திரண்டு.
ஏசி பழுது; எழுதி அனுப்பிப் பத்தொன்பது நாள்.
ஆகவே கோபுரத்தின் வடக்குக் கண்ணாடியை
ஒரு சாண் திறந்து வைத்திருந்தேன்.
வாவிக் காற்று. வெட்டிய புல்லின் வாசனை.

ஓடுபாதையைக் கடந்து அந்தப் பக்கம் போய் வெட்ட
டிரக்டருக்கு அனுமதி கொடுத்தது நான்தான்.
கொடுத்ததற்கு அடையாளமாய்
தட்டில் ஒரு சிவப்புப் பட்டி இருக்கவேண்டும்.
இருந்தது.
தேத்தண்ணிக் கோப்பைக்கு இடம் தேடி
அதை ஓரத்துக்குத் தள்ளியதும் நான்தான்.

பிறகு தொலைபேசி. இரத்மலானையிலிருந்து யாரோ
நேற்றைய மழைக்கணக்குக் கேட்டார்.
பிறகு கப்டன் அசேலவின் குரல்,
ஒன்பது பயணிகள், நாலு மைல், கடற்பக்கமிருந்து.
இறங்கலாம் என்றேன்.
காற்று ஆறு நொட் என்றேன்.
ஒலிப்பதிவைப் பிறகு போட்டுக் கேட்டேன்.
அத்தனை தெளிவு.
பிழை செய்கிற குரலில்
ஒரு கரகரப்பாவது இருந்திருக்கலாம்.

அப்போதுதான் அது கத்தியது.
புல்லுக்குள் நாலு முட்டை வைத்திருக்கும் ஆட்காட்டி
கிட்டிட்டீ கிட்டிட்டீ என்று
செங்குத்தாய் எழும்பிற்று.
விமானத்துக்கு அது எழும்பாது. பழகிவிட்டது.
எழும்பினால், கீழே ஆள்.

நிமிர்ந்து பார்த்தேன்.
கூட்டில் சில்லு படாமல் ஒடித்துத் திருப்பிய டிரக்டர்
மறுபடி தார்மேல் ஏறிக்கொண்டிருந்தது.
கிருபைராசாவின் காதில் எஞ்சின் இரைச்சல்,
இடுப்பில் சத்தம் குறைத்த ரேடியோ.

கோ அரவுண்ட்.
திரும்பச் சொல்கிறேன், கோ அரவுண்ட்.
அது வாய் சொன்னது.
நெஞ்சு சொன்னது: எழும்பு ராசா, எழும்பு.

சில்லுகள் தொடவிருந்த உயரத்தில்
மூக்கு நிமிர்ந்தது.
நிழல் டிரக்டரைத் தாண்டி, வேலியைத் தாண்டி,
வலைத்தோணி ஒன்றின்மேல் விழுந்து போயிற்று.
கிருபைராசா அண்ணாந்து
சின்னப்பிள்ளைபோல் கைகாட்டினான்.

ஒன்பது பேரும் வாவியை இரண்டுமுறை பார்த்தார்கள்.
இரண்டாம் முறை இறங்கினார்கள்.
ஒருத்தி காணொளி எடுத்திருக்கிறாள்:
கல்லடிப் பாலம் சரிகிறது, நிமிர்கிறது, சரிகிறது;
பின்னால் யாரோ சிரிக்கிறார்கள்.

படிவத்தில் பதினோராம் கேள்வி.
ஆபத்தை முதலில் கண்டது யார்?
கட்டுப்பாட்டாளர், விமானி, சாரதி, வேறு.
முதற் பெட்டியில் சரி போட்டிருக்கலாம்.
யாரும் பொய்யென்று சொல்லமாட்டார்கள்.

எங்கள் ஊரில் இந்தச் சொல்லை
ஒருகாலம் குரல் தாழ்த்தித்தான் சொல்வார்கள்.
சாக்கு போட்ட தலை, இரண்டு ஓட்டை,
ஒரேயொரு அசைப்பு.
சித்தப்பாவின் பெயரைப் போலவே
இதையும் வீட்டில் உச்சரிக்காமல் வளர்ந்தோம்.
குருவியைக் கண்டாலும்
'அந்தக் கத்துற குருவி' என்போம்.

வேறு என்ற பெட்டியில் சரி போட்டேன்.
பக்கத்தில் எழுதினேன்: ஆட்காட்டி.
பன்னிரண்டாம் கேள்வி, யாருடைய தவறு.
கோணாமலை வசந்தரூபி, கோபுரம், காலைப்பணி.
பேனை அழுந்தி மறுபக்கமும் தெரிந்தது.

மத்தியானம் கொழும்பிலிருந்து அழைப்பு.
பறவை மோதியதா?
இல்லை ஐயா. கத்தியது.
அந்தப் பக்கம் நெடுநேரம் விசைப்பலகை தட்டினார்கள்.

நாலு மணிக்குக் கிருபைராசா மேலே வந்தான்.
உடம்பெல்லாம் புல்.
"மறுகா ஏன் மிஸ் பிளேன் திரும்ப மேலுக்குப் போனது?"
நான் வாய் திறப்பதற்குள் அவனே தொடர்ந்தான்.
"அந்தக் குருவியால வேலை செய்ய ஏலாமக் கிடக்கு.
முட்டையத் தூக்கி வேலிக்கு அங்கால வைக்கட்டா?"

வேணாம் என்றேன்.
சொன்ன விதத்தில்
அவன் தொப்பியைக் கழற்றிக் கையில் எடுத்தான்.

இரு கிருபைராசா, என்று
கதிரையைக் காட்டினேன்.
கோப்பையை எடுத்து
நிலத்தில் வைத்தேன்.