காத்திருப்பில் மூன்றாவது

செப்டம்பர் பதினாறு,
இரவு பன்னிரண்டு அடிப்பதற்குள்
நான் யாரென்று சொல்லிவிட வேண்டும்.
திரை அதை மென்மையாகத்தான் கேட்டது:
கணிதம் நூற்றிருபதா, நூற்றைம்பதா?

இரண்டும் நுண்கணிதம்.
இரண்டும் காலை எட்டரை.
எதிரெதிர் அறைகள்,
நடுவே ஒரு தண்ணீர்க் குழாய்.

திங்களன்று நூற்றிருபதில் உட்கார்ந்தேன்.
முன்னூறு பேர். பொறியியல், மருந்தியல், மண்ணியல்,
எதற்கு வந்தோமென்று இன்னும் தெரியாத ஒரு வரிசை.
அடுக்கை முன்னால் இறக்கு, ஒன்றைக் கழி,
அடுத்தது.
சஸ்கட்டூனில் இரண்டு வருஷம்
டயர் கடையில் நட்டு திருகியவள் நான்,
கை தானாகவே போனது.
பதினான்கு கணக்கு, பதினான்கும் சரி.
வெளியே வந்தபோது
பசி மட்டும் இருந்தது.

புதனன்று நூற்றைம்பது.
இருபது நாற்காலி, இருபது பேர்,
நான் சன்னல் விளிம்பில்.
பேராசிரியர் ஓல்கார்ட் சாக்பீஸை எடுத்து
'ஒன்று, பூஜ்யத்தைவிடப் பெரிது' என்று எழுதினார்.
சிரித்தோம்.
நிறுவுங்கள் என்றார்.

பச்சைக் கம்பளித் தொப்பிக்காரன் ஒருவன்
'தெரிந்ததுதானே' என்றான்.
'தெரியும், சரி. எப்படித் தெரியும்?'

பிறகு அவர் செய்தது இது:
பெரிதில்லை என்றே வைத்துக்கொள்வோம் என்று
பொய்யை உள்ளே கூப்பிட்டு
நாற்காலி போட்டு உட்காரவைத்து
மரியாதையாகப் பேசவிட்டார்.
அது பேசிற்று. நாலாவது வரியில்
தன்னைத்தானே மறுத்து உளறிற்று.
ஐம்பது நிமிடம் ஆகியிருந்தது.
பக்கத்து அறையில்
இன்னொரு பதினான்கு முடிந்திருக்கும்.

அம்மா தொலைபேசியில்:
'லேசானதை எடு, டீகன்.
உதவித்தொகைக்கு எண்பது வேணும்.'
பல் மருத்துவமனை வரவேற்பறையிலிருந்து பேசினாள்,
பின்னால் யாரோ ஒரு குழந்தை அலறியது.

அறைத்தோழி ப்ரான்வின் செவிலியர் படிப்பு.
அவளுக்குப் புள்ளியியல், அது ஒன்றுதான், தேர்வே கிடையாது.
கால் நகத்துக்குச் சாயம் பூசிக்கொண்டே
'கணக்குப் போட்டுப் பாரேன்' என்றாள்.
போட்டேன்.
மதிப்பெண், நேரம், பணம், தூக்கம்
எல்லாவற்றுக்கும் எடை கொடுத்துக் கூட்டினேன்.
நூற்றிருபது வென்றது,
அதுவும் பெரிய வித்தியாசத்தில்.

நூற்றைம்பதை அழுத்தினேன்.

இடமில்லை. காத்திருப்போர் பட்டியலில்
மூன்றாவது.
அப்பாடா என்றிருந்தது.
அந்த அப்பாடா எனக்குப் பிடிக்கவில்லை.

ஒன்பதரைக்கு இரண்டாவது.
பத்தேகாலுக்கு முதலாவது.
நகரத்தில் எங்கெங்கோ யாரோ
தங்கள் கணக்கைச் சரியாகப் போட்டுக்கொண்டிருந்தார்கள்.
பதினொன்று நாற்பதுக்கு ஒரு கடிதம்:
அன்புள்ள டீகன் பாவ்லுக்,
ஓர் இடம் காலியாகியிருக்கிறது.
இருபது நிமிடத்துக்குள் உறுதி செய்யவும்.

பதினேழு நிமிடம்
நகச்சாயம் காய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வியாழன் காலை ஆற்றின் மேல் பனிமூட்டம்,
பாலம் பாதிவரைதான் இருந்தது.
அறைக்குள் நுழைந்து எண்ணினேன்,
என்னையும் சேர்த்து இருபது.
பச்சைத் தொப்பி அங்கேயே இருந்தான்.
போன மூன்று பேர் யாரென்று
முகம் நினைவில்லை.
எதிர் அறையில் யாராவது
தண்ணீர் குடிக்க வரும்போது
இவராக இருக்குமோ என்று பார்ப்பேன்.

முதல் தேர்வில் பத்துக்கு நாலு.
அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.
மூன்றாம் வினாவில் நானும்
பொய்யைக் கூப்பிட்டு நாற்காலி போட்டேன்.
ஒன்றரைப் பக்கம் பேசியது,
நிதானமாக, கோர்வையாக,
மணி அடிக்கும்வரை
உளறவே இல்லை.