எண்ணுகிறவள்

முதல் தடவை டாய்வோ ராவ்டியோவுக்கு விழுந்தது
நானூற்றுப் பன்னிரண்டு.
அதில் பாதி அவன் அண்ணனுக்காக விழுந்தது என்றார்கள்.
அண்ணன் செத்து ஆறு மாதம் ஆகியிருந்தது,
செம்புச் சுரங்கத்தின் நான்காம் குழியில்.
நான் ஒன்றும் சொல்லவில்லை.
தேர்தல் எழுத்தருக்குக்
கூட்டிச் சொல்ல மட்டும்தான் சம்பளம்.

இரண்டாம் தடவை ஆயிரத்துக்குக் கொஞ்சம் மேல்.
ஜெயித்த கென்னத் பாஸ்கோ
என் மேசைக்கு ஒரு பெட்டி சாக்லேட் அனுப்பினார்.
திருப்பி அனுப்பினேன்.
தோற்றவன் மறுநாள் காலை
எங்கள் அலுவலக வாசலில் பனியை வழித்துக்கொண்டிருந்தான்,
யாரும் கேட்காமல்.
"மண்வெட்டி சும்மா கிடந்தது" என்றான்.

அவனுக்குப் பேச வராது.
மேடை ஏறினால் தொப்பியைப் பிசைவான்.
ஃபின்லாந்துக்காரர்கள் மண்டபத்தில் ஒரு ராத்திரி
மூடிய சுரங்கத்தின் ஓய்வூதியம் பற்றி ஆரம்பித்து
பாதியில் நிறுத்தி,
"மீதி உங்களுக்கே தெரியும்" என்று இறங்கிவிட்டான்.
கைதட்டல் மூன்று நிமிடம்.
அந்த மூன்று நிமிடம் என் பேரேட்டில் இல்லை.

மூன்றாம் தடவை.
நவம்பர். விடியற்காலை நான்கு மணிக்கே பனி.
ஏரிக்கரைச் சாவடிக்குப் போன பெட்டி
பள்ளத்தில் சரிந்த வண்டியோடு கிடப்பதாகத் தகவல்.
நானே போனேன்.
தோளில் பெட்டி, பூட்ஸுக்குள் தண்ணீர்,
வழியில் இரண்டு மரம் விழுந்திருந்தது.
திரும்பி வந்தபோது எட்டு அடித்து
இங்கே கதவைச் சாத்தியிருந்தார்கள்.

விடிய விடிய எண்ணினோம்.
மறுபடி எண்ணினோம்.
தலைநகரிலிருந்து எட்டு மணி நேரம் வண்டியோட்டி வந்த வக்கீல்கள்
கழுத்துக்குப் பின்னால் மூச்சு விட,
மூன்றாம் முறை.
பாஸ்கோ நாலாயிரத்து எழுநூற்று ஆறு.
ராவ்டியோ நாலாயிரத்து எழுநூற்று ஆறு.

சமம் என்றால் சீட்டு.
ஒன்றில் 'தேர்வு', இன்னொன்றில் 'தேர்வில்லை'.
எழுதி மடித்தவள் நான்.
பெட்டி எதுவும் அகப்படாமல்
என் சாப்பாட்டு டப்பாவைத் துடைத்து வைத்தேன்;
அறையெங்கும் டர்னிப் வாசம்.
வயதில் மூத்தவர் என்று பாஸ்கோ முதலில் எடுத்தார்.
பிரித்தார்.
கண்ணாடியைக் கழற்றிவிட்டு இன்னொரு முறை படித்தார்.
டாய்வோ தன்னுடையதைப் பிரிக்கவே இல்லை.
அப்படியே சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

பிறகு பதினெட்டு வருஷம் சட்டமன்றம்.
எனக்கு வேலை குறைந்தது.
ஒரு தடவை அவனுக்கு எதிராளியே இல்லை;
அப்போதும் இருபத்தாறு பேர்
வேறு பெயர் எழுதிப் போட்டிருந்தார்கள்,
அதில் ஒன்று நாயின் பெயர்.
ஓய்வூதியச் சட்டம் வந்தது, பாதி.
பாலம் வந்தது.
ஆஸ்பத்திரி வரவில்லை.
ஏரிக்கரைக் காட்டை மரக் கம்பெனிக்கு விடும் மசோதாவுக்குக்
கை தூக்கினான்.
அடுத்த நவம்பர், நான் பெட்டி சுமந்து போன அதே சாவடியில்
அவனுக்கு முந்நூறிலிருந்து எழுபது.
அதையும் மையால்தான் எழுதினேன்.

யாரும் அவனைத் தோற்கடிக்கவில்லை.
இத்தனை தடவைக்கு மேல் நிற்கக் கூடாதென்று
ஒரு சட்டம் வந்தது.
ஆதரித்தவர்கள் பட்டியலில் அவன் பெயரும் இருந்தது.

பதவி முடிந்த வாரம் அலுவலகத்துக்கு வந்தான்.
தலையெல்லாம் வெளுத்து, கையில் அதே தொப்பி.
சட்டைப்பையிலிருந்து அந்தச் சீட்டை எடுத்து
மடிப்புக் கலையாமல் என் மேசையில் வைத்தான்.
"பிரிக்கிறீர்களா?"
"எழுதியவளுக்கு எதற்கு" என்றேன்.
கொஞ்ச நேரம் ரேடியேட்டர் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு,
"அன்றைக்கு நீங்கள் யாருக்குப் போட்டீர்கள், லவீனியா?"
"சொல்லக் கூடாது" என்றேன்.
விதி அதுதான்.

அந்த வருஷத்து வாக்காளர் பட்டியல்
நிலவறையில், மூன்றாம் அலமாரியில் இருக்கிறது.
ட்ரெவார்தா, லவீனியா.
எதிரே கையெழுத்துக் கட்டம்
காலி.